பலூனுக்கு ஒரு மணி நேரம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் வைகையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்கிறேன். தண்ணீர் வரும் நாளை மட்டும் யாராவது சொல்லி அனுப்புங்கள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். திண்டுக்கல் ரோட்டில், பரவைக்கு முன்னால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றபடி ஆள், பேச்சு, மணி, நிமிஷம் எதிலும் நான் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், பதினொன்று ஐம்பத்து மூன்று.

ஆஞ்சியோ அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீரணன் நின்றுகொண்டிருந்தான். கதவுக்கு உள்ளே, பச்சைத் துணிக்கு வெளியே, இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தன. மெட்டியைக் கழற்றிய இடத்தில் வளையம் மாதிரி ஒரு தடம். பரவை மார்க்கெட்டில் விடியற்காலை நாலு மணியிலிருந்து தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நிற்கிற பாதங்கள் அவை. அவன் தங்கச்சி ரோகிணியுடையவை.

வாசல் படியேறி வந்த தாமரைச்செல்வி அவன் தோளைத் தொட்டாள். திருநகரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கேட்டுச் சம்பளம் வாங்கியவள். மூன்று முறை செத்துப்போய் மூன்று முறையும் கிளெய்ம் போட்ட ஒரு மேலூர்க்காரரை, அவருடைய நாலாவது கருமாதியில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது பிடித்தவள் அவள்தான். வீரணன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் சமயநல்லூர் மினி பஸ்ஸில் ஆறு வருஷம் கண்டக்டர்.

"என்னடா ஆச்சு? நேத்துத்தான ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்ன?"

"முடிஞ்சது அக்கா. இடுப்பெலும்புக்குப் பின்னாடி இருந்த கட்டிய முழுசா எடுத்துட்டாங்க. அது போற போக்குல காலையில ரத்தத்தத் தொறந்து விட்டுட்டுப் போயிருச்சு. வாடகைக்கு இருந்தவன் வீட்டக் காலி பண்றப்ப பைப்ப உடச்சுட்டுப் போற மாதிரி."

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. பயம் கூடக்கூட வீரணன் வாயில் பகடி கூடும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் காலையிலிருந்து ஒரு நர்ஸையும் இரண்டு வாட்ச்மேன்களையும் சிரிக்க வைத்திருந்தான்.

கதவு திறந்தது. டாக்டர் சிவசங்கரன் வெளியே வந்தார். ரோகிணிக்குக் கட்டி எடுத்தவர். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் தங்கியிருந்தது.

"வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"ரத்தம் வாங்கப் போயிருக்காரு சார். நான் அண்ணன். எங்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "தொடை மடிப்பு வழியா ஒரு குழாயை உள்ள அனுப்பி, வயித்துக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாயில ஒரு பலூனை உப்ப வச்சிருக்கோம். மடையை அடைச்ச மாதிரி. உடைப்பு நின்னுருச்சு. நெஞ்சுக்கும் மூளைக்கும் ரத்தம் போகுது. ஆனா மடைக்குக் கீழ இருக்கற வயலும் காயும். புரியுதா?"

"காலு."

"கால்தான். ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல நான் வைக்க மாட்டேன். உடைஞ்ச குழாயை உள்ளயே போய் அடைக்கிற டாக்டர் குருபிரசாத் திருநகர்ல இருந்து வர்றார். அவர் வந்தா அஞ்சு நிமிஷ வேலை. இப்ப பழங்காநத்தத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாராம். பன்னெண்டு இருபதுக்கு மேல ஆகும்."

"பலூனுக்கு எது வரைக்கும் சார் நேரம்?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

அவர் கையிலிருந்த சீட்டைக் காட்டினார். மேலே தியேட்டரிலிருந்து நோயாளியோடு இறங்கி வந்த சீட்டு. *பலூன் – 11.10* என்று நீல மையில் இருந்தது. "பன்னெண்டு பத்து வரைக்கும். அப்புறம் நான் இறக்கித்தான் ஆகணும். இறக்கினா ரத்தம் மறுபடி வரும். குருபிரசாத் வர்ற வரைக்கும் தாங்குவாளான்னா..."

வீரணன் சீட்டையே பார்த்தான். "இது தப்பு சார்."

"என்னது?"

"பதினொன்னு பத்து இல்ல. நான் தியேட்டர் வாசல்லதான நின்னேன். இந்தா இந்த முத்துமீனா சிஸ்டர்தான் கதவத் தொறந்து, பலூன் ஏத்தியாச்சு, ரத்தம் நின்னுருச்சுன்னு சொன்னாங்க. அவங்க வாய மூடல, கீழ ரோட்டுல எங்க வண்டி ஹாரன் கேட்டுச்சு. பதினொன்னு இருபத்தெட்டு வண்டி."

அந்த ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை. நாதஸ்வரமும் நாய்க்குரைப்பும் கலந்த ஒலி அது. பரவைப் பக்கத்துக் கோழிகள் அதைக் கேட்டுத்தான் முட்டையிடும். ஒரு நாள் வண்டி பிரேக்டவுன் ஆனபோது ஊரில் ஆம்லேட் கிடைக்கவில்லை. அதை வேறொரு ஹாரன் என்று யாரும் தவறாக நினைக்க முடியாது.

"செல்லுல மணி பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"செல்லு பத்து மணிக்கே செத்துருச்சு சார். ரத்தத்துக்குப் போன் போட்டுப் போட்டு."

"மினி பஸ் முன்னாடியே வந்திருக்கலாம்ல?"

"பின்னாடி வரும் சார். முன்னாடி வந்தா அரசரடியில அடுத்த வண்டிக்காரன் அடிப்பான்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "தம்பி, எனக்கும் முக்கால் மணி நேரம் ஆன மாதிரி இல்லதான். ஆனா என் மனசைக் கேட்டா அது எப்பவும் அப்படித்தான் சொல்லும். அதுக்காகத்தான் சீட்டு. மானிட்டர்ல பதிவு இருந்தா பார்த்திருக்கலாம். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறின மூணு விநாடியில அது எல்லாத்தையும் மறந்துருச்சு. பஸ் ஹாரனை நம்பிப் பலூனை வச்சு, நீங்க சொன்னது தப்புன்னா, உங்க தங்கச்சி எழுந்திரிப்பா. நடக்க மாட்டா."

உள்ளேயிருந்து முத்துமீனா எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் தியேட்டர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அங்க செல் கொண்டுபோகக் கூடாது. பதினொன்னு பத்துத்தான் காட்டுச்சு. கீழ வந்துதான் செல்லை எடுத்துப் பன்னெண்டு பத்துக்கு அலாரம் வச்சேன்."

தாமரைச்செல்வி தன் செல்லைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்தொன்பது.

"வீரணா, தியேட்டர் எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிப்ட்டுக்குக் காத்திருந்தா அடுத்த வருஷம் போயிறலாம்."

படியில் ஓடினார்கள். முதல் மாடியில் மருந்துக் கடைக் கடிகாரம் பன்னிரண்டு ஏழு காட்டியது. இரண்டாவது மாடி வார்டில் பதினொன்று ஐம்பத்திரண்டு. கேன்டீன் வாசலில் இருந்தது நாலு பத்தில் நின்றே போயிருந்தது. அங்கே வடை எப்போதும் சாயங்கால வடைதான்.

தியேட்டர் வெளிக்கதவில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது அறை காலியாக இருந்தது. தரை அப்போதுதான் துடைத்து ஈரமாயிருந்தது, மருந்து வாடை அடித்தது. சுவரோரமாக ஓர் அம்மாள் தரை துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். மாயக்காள். தியேட்டர் ஆயா. முப்பது வருஷமாக அங்கே இருப்பவள்.

வீரணன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். வட்டக் கடிகாரம். பன்னிரண்டு மூன்று.

தாமரைச்செல்வி செல்லைத் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு மூன்று. இரண்டிலும் நிமிஷம் ஒன்றாக நகர்ந்தது.

"சரியா ஓடுது அக்கா," என்றான் வீரணன். "அப்ப சீட்டு சரி. டிரைவர் கருப்பு இன்னைக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வண்டிய எடுத்துட்டான். ஆறு வருஷத்துல ஒரு நாளும் எடுக்காதவன் இன்னைக்கு..." அவன் படியை நோக்கித் திரும்பினான்.

தாமரைச்செல்வி நகரவில்லை. "வீரணா, நான் இன்சூரன்ஸ்ல இருந்தப்ப எந்த பில்லை முதல்ல கையில எடுப்பேன்?"

"கிழிஞ்ச பில்ல."

"சரியா இருக்கற பில்லை. இந்த ஆஸ்பத்திரியில மூணு கடிகாரம் பாத்தோம். மூணுக்கும் மூணு மணி. இது மட்டும் எப்படி என் செல்லோட ஒட்டிப் பிறந்த மாதிரி ஓடுது? யாரோ செல்லைப் பார்த்துத் திருப்பியிருக்காங்க. இப்பத்தான் திருப்பியிருக்காங்க."

"இப்பத்தான்னு எப்பிடி?"

அவள் சுவருக்குக் கீழே இருந்த எஃகு முக்காலியைக் காட்டினாள். அதன் மேல் ஈரத்தில் இரண்டு பாதம் படிந்திருந்தது. பாதி காய்ந்து, குதிகால் மட்டும் இன்னும் பளபளத்தது.

மாயக்காள் துணியை இன்னும் இறுக்கமாகப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

கடிகாரத்தைத் தொட்டீர்களா என்று தாமரைச்செல்வி கேட்கவில்லை. "ஆத்தா, எம்புட்டுத் தள்ளி வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் எதையும் தொடல தாயி. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிராத. ஒட்டடை அடிச்சேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைல இருந்து பன்னெண்டு ராகு காலம். பன்னெண்டு முடிஞ்சதும் ஒட்டடையும் முடிஞ்சுருச்சா?"

"ராகுவ ஏமாத்தவா ஆத்தா கடிகாரத்தத் திருப்புனீங்க?" என்றான் வீரணன். "அவரு என்ன வாட்ச் கட்டிக்கிட்டா திரியுறாரு?"

மாயக்காள் சட்டென்று நிமிர்ந்தாள். கோபம் வந்துவிட்டது. "ராகுவுக்கு மணி பாக்கத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியாதாக்கும்? டாக்டரய்யாவுக்குத் தெரியும்ல?"

அவள் துணியை வாளி விளிம்பில் போட்டாள்.

"போன ஆடியில அவசரம்னு ஒருத்தர ராகு காலத்துல தூக்கிட்டு வந்தாக. அய்யா கத்தியெடுத்தாரு. கை இப்பிடி ஆடுச்சு. நான் இந்த மூலையில நின்னு பாத்தேன். அம்புட்டுப் பெரிய டாக்டரு, அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் கைய நம்ப மாட்டாரு. அன்னைல இருந்து அவசரம்னு வந்தா அவரு கை கழுவப் போற நேரத்துல நான் முள்ளத் திருப்பிருவேன். வந்து நிமிந்து பாப்பாரு. அப்பாடான்னு கத்திய எடுப்பாரு. எட்டுப் பேரு பொழச்சிருக்காக." குரல் தாழ்ந்தது. "எனக்கு வேல போனாப் போகட்டும் தாயி. அவருக்குத் தெரிஞ்சுருச்சுன்னா அடுத்த தடவ இந்தக் கடிகாரத்த நம்ப மாட்டாரு. கை ஆடும். அன்னைக்கு இந்த மேசையில யாரு வீட்டுப் புள்ள கெடக்குமோ?"

வீரணன் ஈரத்தரையில் அப்படியே மண்டியிட்டான். "இன்னைக்குக் கெடக்கறது என் தங்கச்சி ஆத்தா. நீங்க திருப்புன மணியப் பாத்துத்தான் பலூன் நேரத்த எழுதியிருக்காங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல எறக்கிருவாங்க. எறக்கினா செத்துருவா. எத்தன நிமிசம்னு மட்டும் சொல்லுங்க."

மாயக்காளுக்கு முகம் வெளிறியது. "நிமிசம் கணக்கு எனக்குத் தெரியாதேப்பா. திருப்பி வைக்கறப்பகூட செல்லுல முள்ளு நிக்கற மாதிரியே வச்சுருவேன்."

"பெரிய முள்ளு எங்க இருந்துச்சு?"

"ஏழுல."

"எங்க வச்சீங்க?"

"மூணுல. பின்னால தள்ளி வச்சேன்."

ஏழிலிருந்து மூன்று. நாலு கட்டம். மினி பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே மணி சொல்லிக் கொடுத்த வீரணனுக்கு விரல் தேவைப்படவில்லை. பத்து முப்பத்தைந்தை அவள் பத்து பதினைந்து ஆக்கியிருக்கிறாள். சீட்டில் இருந்த பதினொன்று பத்து, நிஜத்தில் பதினொன்று முப்பது.

"ஹாரன் இருபத்தெட்டுல்ல கேட்டுச்சு?" என்றாள் தாமரைச்செல்வி, ஏற்கெனவே வாசலை நோக்கி நடந்தபடி.

"கருப்பு வழியில டீ குடிப்பான். ரெண்டு நிமிசம்."

"ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ரெண்டு சாட்சி ஒரே மணி சொல்றாங்க. போதும். ஓடு. ஆத்தா, உங்க பேரு வராது."

வீரணன் மூன்று மாடியை எத்தனை தாவலில் இறங்கினான் என்று நான் எண்ணவில்லை. ஏழு என்று சொல்பவர்கள் உண்டு.

கதவைத் தள்ளியபோது டாக்டர் ஊசிக்குழாயைக் கையில் எடுத்திருந்தார். பலூனிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற ஊசி. பன்னிரண்டு எட்டு.

"சார், எறக்காதீங்க!"

பின்னால் மூச்சிரைக்க வந்த தாமரைச்செல்வி நிதானமாகச் சொன்னாள்: "தியேட்டர் கடிகாரம் இருபது நிமிஷம் பின்தங்கி ஓடியிருக்கு சார். பலூன் ஏத்தினது பதினொன்னு முப்பதுக்கு. பஸ்ஸும் அதைத்தான் சொல்லுது."

"ஏன் பின்தங்குச்சு?"

"பேட்டரி."

"இப்ப போய்ப் பார்த்தா இருபது நிமிஷம் பின்தங்கித்தான் இருக்குமா?"

தாமரைச்செல்வி பன்னிரண்டு வருஷம் பொய் கேட்டவள்; சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல சார். இப்ப சரியா ஓடுது."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு வீரணனுடைய முழங்காலில் ஒட்டியிருந்த தியேட்டர்த் தரையின் ஈரத்தைப் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது, கணக்குப் போடுகிறார். "அப்படின்னா நான் கத்தி எடுத்தது பத்தரைக்கு மேல..."

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, வேறு யாருடைய கையையோ வாங்கிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

அலாரம் அடித்தது. பன்னிரண்டு பத்து. ஆறு முறை கத்தவிட்டு முத்துமீனா அதை நிறுத்தினாள்.

"பன்னெண்டு இருபத்தெட்டுக்கு மாத்தி வைங்க சிஸ்டர். பஸ் கணக்கே இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

அதன் பிறகு இருந்த நிமிஷங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வீரணன் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு டிரைவரின் டீயையும், மணி பார்க்கத் தெரியாத ஓர் ஆயா காட்டிய இரண்டு எண்ணையும் நம்பி, அவளுடைய இரண்டு காலையும் அடகு வைத்துவிட்டான். அவளைக் கேட்காமல். பாதத்தின் வெள்ளையில் நீலம் ஊறுகிறதா, அது தன் கண்ணின் வேலையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏதாவது சொல்லேன்டா," என்றாள் தாமரைச்செல்வி.

"ஒண்ணும் வரல அக்கா."

பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு, ஒரு போக்குவரத்து ஏட்டின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே டாக்டர் குருபிரசாத் உள்ளே ஓடினார். பன்னிரண்டு இருபத்தாறுக்கு "அடைச்சாச்சு" என்று ஒரு குரல் கேட்டது. இருபத்தெட்டுக்கு டாக்டர் சிவசங்கரன் பலூனை இறக்க ஆரம்பித்தார். ஒரேயடியாக இல்லை, மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிற மாதிரி. மானிட்டரில் எண் இறங்கியது, தயங்கியது, நின்றது. ரத்தம் வரவில்லை. வெளுத்த பாதங்களில் முதலில் குதிகாலிலும் பிறகு விரல்களிலும் நிறம் ஏறியது.

சாயங்காலம் நாலு மணிக்கு ரோகிணி கண் திறந்தாள். டாக்டர் அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். எட்டு விரலுக்கு "வலிக்குது" என்றாள். வலது காலின் கடைசி இரண்டு விரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"மூணு நாள் பார்க்கலாம். வரும்னு நினைக்கறேன்," என்றார் டாக்டர்.

"ஏண்ணே அழுகுற?" என்றாள் ரோகிணி.

"யாரு அழுதா? ரெண்டு வெரலுக்கு மட்டும் டிக்கெட் எடுக்காம வந்துட்ட. செக்கிங்ல என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன்." அன்றைக்கு அவன் சொன்ன பகடிகளில் பயமில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். முழுக்கப் பயமில்லாமல் என்றும் சொல்ல முடியாது.

வாசலில் டாக்டர் தாமரைச்செல்வியை நிறுத்தினார். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, தூரத்தில் யாரையோ பார்ப்பதுபோலப் பேசினார்.

"மாயக்காவைப் பார்த்தீங்கன்னா ஒண்ணு சொல்லுங்க."

"சொல்லுங்க சார்."

"அந்தப் பேட்டரியை மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பலூன் ஏத்தினா மட்டும் சிஸ்டர் கழுத்துல ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும், அவ்வளவுதான்."

ரோகிணியின் இரண்டு விரல்களுக்கும் திங்கட்கிழமை உணர்வு வந்தது. செவ்வாய்க்கிழமை, முக்காலியில் ஏறி அந்தக் கடிகாரத்தை ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று வீரணனோடு நானும் போயிருந்தேன். அந்தத் தியேட்டரில் சுவர்க்கடிகாரம் கிடையாது. கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அங்கே ஓர் ஆணிகூட அடித்ததில்லை. வைகையில் தண்ணீர் வரட்டும், இதையும் அங்கே நின்றே சொல்கிறேன்.